வடிகட்டிக்கு ஒரு சோறு பதமாகுமா?

அணுமின்சாரம் நம் நாட்டுப் பேச்சில் மீண்டும் இடம்பிடித்துவிட்டது. 2018-ஆம் ஆண்டில் அன்றைய பிரதமர் துன் மகாதீர் மலேசியாவுக்கு அணுமின் நிலையம் வேண்டாம் என்று சொன்னதோடு அந்தப் பேச்சு அடங்கியது. 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் தாக்கலான 13-ஆவது மலேசியத் திட்டத்தில் அணுசக்தி மறுபடியும் தலைகாட்டியிருக்கிறது. இனி உணவுக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரே விவாதம்தான்: அது பாதுகாப்பானதா, ஆபத்தானதா? ஒரு தரப்பு செர்னோபிலைச் சொல்லும். மறுதரப்பு கரிப்புகை வராத மின்சாரம் என்று சொல்லும். கடைசியில் யார் குரல் பெரியதோ அவர் வென்றதாக எண்ணிக்கொள்வார்.

மாணவர்களே, நான் கேட்க விரும்பும் கேள்வி இதைவிடச் சிறியது. அணுமின் நிலையத்தில் பயன்படுத்தி முடித்த ஒரு வடிகட்டியை வெளியே எடுக்கிறார்கள். அதற்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதை யார், எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அவர்கள் சொல்வதை வேறு யார் சரிபார்க்கிறார்கள்? இதற்கு நேரான பதில் இல்லாத நாடு அணுமின் நிலையம் கட்ட இன்னும் தயாராகவில்லை என்பது என் கருத்து. எதற்காக ஒரு வடிகட்டிக்கு இவ்வளவு முக்கியத்துவம் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

அழுக்கு எங்கே போகிறது?

செராஸில் பல வீடுகளின் வாசலில், தண்ணீர் மீட்டருக்குப் பக்கத்தில், ஒரு வடிகட்டி இருக்கும். புதிதாகப் போடும்போது அதன் உள்ளே உள்ள உருளை வெள்ளையாக இருக்கும். சில மாதங்களில் பழுப்பாகிவிடும். குழாயில் வரும் நீர் தெளிவாக இருக்கிறது என்றால் அழுக்கு மறைந்துவிட்டது என்று பொருளில்லை. அது உருளையில் சேர்ந்திருக்கிறது. அணுமின் நிலையத்திலும் இதே கதைதான். ஆனால் அங்கே சேரும் அழுக்கு கதிர்வீசும்.

உலகில் மிகுதியாக இருப்பது அழுத்த நீர் அணு உலை. அதன் மையத்தைச் சுற்றி ஓடும் நீர் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், கடும் அழுத்தத்தில் இருக்கும். அந்த நீர் குழாய்களின் உட்புறத்தைச் சிறிது சிறிதாக அரிக்கிறது. இரும்பு, நிக்கல், கோபால்ட் ஆகியவற்றின் நுண்துகள்கள் நீரோடு சேர்ந்து உலையின் மையத்தைக் கடந்து போகின்றன. அங்கே பாயும் நியூட்ரான் ஒன்றைச் சாதாரண கோபால்ட்-59 பிடித்துக்கொண்டால் அது கதிரியக்கமுள்ள கோபால்ட்-60 ஆகிவிடும். எரிபொருள் கம்பியின் உறையில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் சீசியம்-137, ஸ்ட்ரான்டியம்-90 போன்றவையும் நீரில் கலந்துவிடும்.

இவற்றைப் பிடிக்க மூன்று வகை வடிகட்டிகள் உண்டு. துகள்களைப் பிடிக்க, மடித்துச் சுருட்டிய தாள் போன்ற உருளை வடிகட்டிகள். நீரில் கரைந்த அயனிகளைப் பிடிக்க, கடுகைவிடச் சிறிய பிசின் மணிகள். வெளியேறும் காற்றுக்கு, 0.3 மைக்ரோமீட்டர் துகள்களில் 99.97 விழுக்காட்டைத் தடுக்கும் உயர்திறன் வடிகட்டிகள். இவை தம் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கின்றனவோ அவ்வளவு ஆபத்தானவையாக அவையே மாறிவிடுகின்றன.

இது எங்கோ தூரத்து நாட்டுச் சங்கதி என்று எண்ண வேண்டாம். செராஸிலிருந்து காஜாங்கைக் கடந்தால் பாங்கி. அங்கே மலேசிய அணுசக்தி நிறுவனத்தின் வளாகத்தில் ஒரு மெகாவாட் வெப்பத்திறன் கொண்ட ‘திரிகா புஸ்பாத்தி’ ஆய்வு உலை 1982 ஜூன் முதல் இருக்கிறது. அது மின்சாரம் தயாரிப்பதில்லை; ஆய்வுக்கும் பயிற்சிக்கும் உரியது. அளவில் மிகச் சிறியது. ஆனாலும் அதன் குளத்து நீரையும் பிசின் மணிகளைக் கொண்டே தூய்மைப்படுத்த வேண்டும். அந்த மணிகளும் ஒருநாள் கழிவாகும்.

பெயர்ச்சீட்டு பொய் சொன்னால்

பயன்படுத்திய வடிகட்டியை எங்கே வைப்பது? எத்தனை ஆண்டுகள் காவல் காப்பது? கான்கிரீட் பெட்டி போதுமா, ஆழத்தில் புதைக்க வேண்டுமா? எல்லாம் அதற்குள் எந்தெந்தக் கதிரியக்கத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் 1982-இல் வந்த விதிகள் குறைந்த அளவு கதிரியக்கக் கழிவை ஏ, பி, சி என வகுக்கின்றன. சி வகையின் எல்லையையும் தாண்டினால் அதைப் பொதுவாக நிலத்தின் மேற்பரப்புக்கு அருகில் புதைக்கக்கூடாது. ஆக, பெட்டியின் மேல் ஒட்டும் பெயர்ச்சீட்டில் உள்ள எண்தான் அதன் பல தலைமுறை விதியைத் தீர்மானிக்கிறது. அந்த எண் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரியிலிருந்து வருகிறது.

சீட்டில் இருப்பதும் பெட்டியில் இருப்பதும் வேறாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், நிலத்துக்கு 655 மீட்டர் அடியில் உப்புப் பாறையைக் குடைந்து அமைத்த ‘விப்’ என்ற கழிவுக் களஞ்சியத்தில் 2014 பிப்ரவரி 14 அன்று ஒரு பீப்பாய் வெடித்துத் திறந்தது. லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் அதை நிரப்பியபோது, நைட்ரேட் உப்புக் கழிவோடு ஈரம் உறிஞ்சுவதற்காகப் பூனைகளுக்குப் பயன்படுத்தும் கோதுமை வகைப் பொடியைச் சேர்த்திருந்தார்கள். களிமண் வகையைச் சேர்த்திருக்க வேண்டிய இடம் அது. தாவரப் பொருளும் நைட்ரேட்டும் சேர்ந்து சூடேறின. அமெரிசியமும் புளூட்டோனியமும் சிறிதளவு வெளியேறின. களஞ்சியம் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கழிவை ஏற்கவில்லை. ஒரு பீப்பாய்க்குள் உண்மையில் என்ன இருந்தது என்பதைக் கவனிக்காததற்கு அது கொடுத்த விலை.

நம் ஊர் அனுபவத்தையும் பாருங்கள். 2020 செப்டம்பரில் ஆற்றுநீர் மாசுபட்டுச் சிலாங்கூரில் நான்கு நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் குழாய்கள் வறண்டன. வாளிகளோடு மக்கள் லாரிக்குக் காத்திருந்தார்கள். அவசரம் எவ்வளவு இருந்தாலும், நீரில் வாடை நீங்கியதை மாதிரிகள் காட்டிய பிறகுதான் நிலையங்களைத் திறக்க முடிந்தது. வாடையாவது மூக்குக்குத் தெரியும். கதிர்வீச்சு மூக்குக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. அங்கே மாதிரியைத் தவிர நமக்கு வேறு கண் இல்லை.

பானைச் சோறும் மடிப்புத் தாளும்

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்று பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். மாதிரி எடுக்கும் அறிவியலை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பழமொழிக்குள் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. பானையில் நீர் கொதித்துப் புரண்டு எல்லாச் சோற்றையும் ஒரே மாதிரி வேகவைக்க வேண்டும். அடிப்பிடித்த பானையில் மேலிருந்து எடுத்த சோறு அடியில் கருகியதைச் சொல்லாது.

உருளை வடிகட்டி அடிப்பிடித்த பானையைப் போன்றது. நீர் நுழையும் பக்கத்தில் அதிகம் சேரும், மறுபக்கத்தில் குறைவு. மடிப்புகளின் இடுக்கில் ஒரு கனமான துகள் மாட்டிக்கொண்டால் அந்த ஒரு புள்ளியே மற்ற இடம் முழுவதையும்விட அதிகமாகக் கதிர்வீசக்கூடும்.

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். ஒரு வடிகட்டியில் 60 மடிப்புகள். அவற்றில் 6 மடிப்புகளில்தான் பெரும்பகுதிக் கதிரியக்கம் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு மடிப்பை வெட்டி எடுத்தால், அந்த ஆறும் தப்பிப்போக 90 விழுக்காடு வாய்ப்பு. மூன்று மடிப்புகளை வெட்டினாலும் ஏறக்குறைய 72 விழுக்காடு வாய்ப்பு. மூன்று முறை அளந்து மூன்று முறையும் ‘மிகக் குறைவு’ என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். கருவியில் பிழையில்லை, ஆய்வகத்தில் பிழையில்லை; வெட்டிய இடத்தில்தான் பிழை.

அப்படியானால் வடிகட்டியைத் துண்டு துண்டாக வெட்டி எல்லாவற்றையும் அளந்துவிடலாமே என்று கேட்பீர்கள். முடியாது. ஒரு கதிரியக்கப் பணியாளர் ஓராண்டில் பெறக்கூடிய கதிர்வீச்சு வரம்பு 20 மில்லிசீவெர்ட். சில வடிகட்டிகளின் அருகில் ஒரு மணி நேரம் நின்றாலே அந்த வரம்பைத் தாண்டிவிடும். அதனால் அவற்றை நீண்ட கைப்பிடிக் கருவிகளால் தூக்கி, ஈயத்தாலோ கனத்த எஃகாலோ ஆன உறைக்குள் இறக்குகிறார்கள். ஒவ்வொரு கூடுதல் மாதிரிக்கும் ஒரு மனிதரின் உடல் விலை கொடுக்கிறது. பாடநூலில் ‘மாதிரிகளின் எண்ணிக்கையை அதிகரிக்கவும்’ என்று ஒரு வரியில் எழுதிவிடுகிறோம். இங்கே அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிறார்.

எனவே முதலில் வெளியிலிருந்தே பார்க்கிறார்கள். பெட்டியைச் சுழலவிட்டு, ஜெர்மானியப் படிக உணர்கருவியால் மேலிருந்து கீழ்வரை காமா கதிர்களை அளக்கிறார்கள். எந்த இடம் சூடானது என்று தெரிந்த பிறகு, தேர்ந்த சில இடங்களில் மட்டும் சிறு வட்டத் துண்டுகளை வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். பிசின் மணிகளாக இருந்தால், தொட்டியில் நீரோடு நன்றாகக் கலக்கிவிட்டுப் பல ஆழங்களில் எடுக்கிறார்கள். சர்க்கரை போட்ட கோப்பி-ஓவைக் கலக்காமல் மேலே ஒரு மிடறு குடித்தால் இனிக்காது அல்லவா? அதே விதிதான்.

கருவி அடங்கினால் ஆபத்து அடங்கியதா?

இன்னொரு சிக்கலும் உண்டு. கோபால்ட்-60 வலுவான காமா கதிர்களை வீசும். பெட்டியைத் திறக்காமலே அதை அளந்துவிடலாம். நிக்கல்-63 அப்படியல்ல. அது வலுவற்ற பீட்டா துகளை மட்டுமே வீசும். பெட்டியின் சுவரையே அது தாண்டாது. அதைக் கண்டுபிடிக்க மாதிரியை அமிலத்தில் கரைத்து, வேதியியல் முறையில் நிக்கலைப் பிரித்து, ஒளிரும் திரவத்தில் கலந்து எண்ண வேண்டும். நாள்கணக்கில் ஆகும் வேலை.

இதற்கு அறிஞர்கள் ஒரு வழி கண்டார்கள். கோபால்ட்டும் நிக்கலும் ஒரே குழாய்களிலிருந்து, ஒரே உலைக்குள் பிறக்கின்றன. ஒரு நிலையத்தின் பல மாதிரிகளில் கோபால்ட் 10 பெக்கரெல் இருக்குமிடத்தில் நிக்கல் 2 பெக்கரெல் என்று தொடர்ந்து வருவதாக வைத்துக்கொள்வோம். அடுத்த வடிகட்டியில் வெளியிலிருந்து கோபால்ட்டை மட்டும் அளந்து, ஐந்தால் வகுத்து நிக்கலைக் கணித்துவிடலாம். இதை விகிதக் காரணி முறை என்கிறார்கள். அனைத்துலக அணுசக்தி முகமை இதற்கென வழிகாட்டி நூலே வெளியிட்டிருக்கிறது. பணியாளரின் உடலையும் காப்பாற்றும் அறிவார்ந்த முறை இது. இதை நான் குறைசொல்லவில்லை.

ஆனால் விகிதம் என்பது பழைய மாதிரிகள் கொடுத்த வாக்குறுதி. உலையில் எரிபொருள் உறை ஓட்டையானால் விகிதம் மாறும். நீரின் வேதித்தன்மையை மாற்றினாலும் மாறும். காலமும் அதை மாற்றும். மூன்றாம் படிவ அறிவியலில் படித்த அரை ஆயுட்காலத்தை இங்கே கொண்டுவாருங்கள். கோபால்ட்-60-இன் அரை ஆயுட்காலம் 5.27 ஆண்டுகள்; நிக்கல்-63-க்கு ஏறக்குறைய 100 ஆண்டுகள். 53 ஆண்டுகள் கழிந்தால் கோபால்ட் பத்து முறை பாதியாகி, 1024-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நிக்கலோ இன்னும் 70 விழுக்காடு அளவுக்கு அப்படியே இருக்கும். அன்றைக்கு ஒருவர் பெட்டியின் பக்கத்தில் கருவியைப் பிடித்தால் அது ஏறக்குறைய அமைதியாக இருக்கும். கருவியின் அமைதியைப் பார்த்து ‘உள்ளே ஒன்றுமில்லை’ என்று அவர் எழுதினால் அது தவறு. 53 ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் ஒழுங்காக எடுத்த மாதிரியும், எழுதிவைத்த குறிப்பும்தான் அவரைக் காப்பாற்றும்.

யார் அளந்தார்கள்?

இதுவரை சொன்னது அளக்கும் முறை. இனிச் சொல்வது அளப்பவரைப் பற்றி. இதில் நம் நாட்டுக்கு ஒரு கசப்பான அனுபவம் உண்டு.

ஈப்போவுக்கு அருகில் புக்கிட் மேராவில் 1982-இல் ஆசிய அரிய மண் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. அது அணுமின் நிலையம் அல்ல. வெள்ளீயச் சுரங்க மணலிலிருந்து அரிய தனிமங்களைப் பிரித்த ஆலை. ஆனால் அதன் கழிவில் கதிரியக்கமுள்ள தோரியம் இருந்தது. ஆலைத் தரப்பு ஆபத்தில்லை என்றது. 1984-இல் ஜப்பானிய விஞ்ஞானி சடாவ் இச்சிகாவா வந்து அளந்தபோது, ஆலையைச் சுற்றிச் சில இடங்களில் கதிர்வீச்சு அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியிருந்தது. 1985-இல் ஊர்மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1992-இல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை நிறுத்தச் சொன்னது. 1993-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 1994-இல் நிறுவனம் தானே மூடுவதாக அறிவித்தது. பின்னர் நடந்த துப்புரவுக்கு ஆன செலவு ஏறக்குறைய 10 கோடி அமெரிக்க டாலர். அத்தனை ஆண்டுகளும் மக்கள் கேட்டதன் சாரம் ஒன்றுதான்: அளந்தவர் யார், அவரை நாங்கள் ஏன் நம்ப வேண்டும்?

ஜப்பானின் ஃபுகுஷிமா இந்தக் கேள்விக்கு நல்ல பதில், கெட்ட பதில் இரண்டையும் தருகிறது. கெட்டதை முதலில் பார்ப்போம். அங்கே கதிரியக்க நீரைத் தூய்மைப்படுத்தும் அமைப்பில் பொருத்தியிருந்த காற்று வடிகட்டிகள் 25-இல் 24 சேதமடைந்திருந்தது 2021-இல் தெரியவந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பும் அவை சேதமடைந்திருந்தன. அப்போது டெப்கோ நிறுவனம் காரணத்தை ஆராயாமல் புதியவற்றை மாட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தது. பழுதான வடிகட்டி ஒரு சாட்சி. சாட்சியை விசாரிக்காமலே அனுப்பிவிட்டார்கள்.

நல்ல பதில், 2023 ஆகஸ்டு 24-இல் தூய்மைப்படுத்திய நீரைக் கடலில் விடத் தொடங்கியபோது கிடைத்தது. விடுவதற்கு முன் தொட்டிகளின் நீரை நாள்கணக்கில் சுழற்றிக் கலக்கி, ஒரே சீரான பிறகே மாதிரி எடுக்கிறார்கள். நிறுவனம் அளக்கிறது, ஜப்பான் அணுசக்தி ஆய்வு முகமையும் அளக்கிறது. அனைத்துலக அணுசக்தி முகமை தன் ஆய்வகங்களோடு பிரான்ஸ், தென்கொரியா, சுவிட்சர்லாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளின் ஆய்வகங்களுக்கும் மாதிரிகளைக் கொடுத்து முடிவுகளை ஒப்பிட்டது. நீரைக் கடலில் விடுவது சரியா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் எண்கள் உண்மையா என்ற விவாதம் வெகுவாகக் குறைந்தது.

முன்பு சொன்ன ‘விப்’ களஞ்சியத்திலும் இதே பாடம் உண்டு. அதற்கு வெளியே காற்றில் கதிரியக்கம் கலந்ததைத் தன் வடிகட்டித் தாள்களில் கண்டு சொன்னவற்றுள் ஒன்று, நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்ஸ்பாட் கண்காணிப்பு ஆய்வு மையம். களஞ்சியத்தை நடத்துபவர் அல்லாத ஒருவரின் கையிலும் வடிகட்டி இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

இரண்டு மறுப்புகள்

நிபுணர்கள் சிலர் சொல்லக்கூடும்: “ஒவ்வொரு எண்ணையும் பொதுமக்களிடம் கொடுத்தால் பீதிதான் பரவும். பெக்கரெல் என்றால் என்னவென்றே பலருக்குத் தெரியாது.” தெரியாதவர்களுக்குத் தெரியவைப்பதுதான் என்னைப் போன்ற ஆசிரியர்களின் வேலை. மறைத்த எண் வெளியே வரும் நாளில் பரவும் பீதியைவிட, வெளிப்படையாகச் சொன்ன எண்ணால் வரும் பீதி சிறியது. புக்கிட் மேரா மக்களைத் தெருவுக்கு வரவைத்தது எண்கள் அல்ல. நம்பத்தக்க எண்கள் இல்லாததுதான்.

இன்னொரு மறுப்புக்கு நியாயம் அதிகம். சுதந்திரமாக இரண்டாவது தரப்பும் மாதிரி எடுத்தால் பணியாளர்களுக்குக் கதிர்வீச்சு இரட்டிப்பாகும் அல்லவா? இதற்கு வழி இருக்கிறது. வெட்டுவது ஒருமுறைதான். வெட்டிய துண்டைப் பங்கிட்டு ஒரு பங்கை நிலையத்துக்கும், ஒரு பங்கைக் கண்காணிக்கும் அரசுத் துறைக்கும், ஒரு பங்கைப் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றுக்கும் அனுப்பலாம். எந்த இடத்தில் வெட்டுவது என்பதை மட்டும் நிலையம் தனியாகத் தீர்மானிக்கக்கூடாது. 60 மடிப்புக் கணக்கு நினைவிருக்கிறதா? வெட்டும் இடத்தைத் தேர்பவர் விடையையும் தேர்ந்துவிட முடியும்.

நாம் கேட்க வேண்டியவை

நம்மிடம் 1984-ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டம் இருக்கிறது. கதிரியக்கக் கழிவு மேலாண்மைக்கென 2011-இல் விதிமுறைகளும் வந்தன. அணுமின் நிலையம் என்ற அளவுக்குப் போவதாக இருந்தால் மேலும் மூன்றை முன்கூட்டியே உறுதிசெய்ய வேண்டும் என்கிறேன். மாதிரியைப் பங்கிட்டுச் சரிபார்க்கும் கடமை சட்டத்திலேயே இருக்க வேண்டும். முடிவுகள், அவற்றில் எவ்வளவு ஐயம் உண்டு என்ற அளவோடு சேர்த்து, வெளியிடப்பட வேண்டும். மாதிரியின் ஒரு பகுதியையும் அதன் குறிப்பையும் பல பத்தாண்டுகளுக்குப் பாதுகாக்க வேண்டும். நாளை மேம்பட்ட கருவி வரும்போது இன்றைய முடிவை மறுபடி சோதிக்க அது உதவும்.

நான்காவதாக ஒன்று இருக்கிறது. அதைச் சட்டத்தால் செய்ய முடியாது. கதிரியக்க வேதியியல் தெரிந்த ஆட்கள் வேண்டும். அணு உலையை வெளிநாட்டிலிருந்து வாங்கிவிடலாம். அதன் வடிகட்டியைச் சரிபார்க்கும் நம் நாட்டுக் கண்களை வாங்க முடியாது, உருவாக்கத்தான் வேண்டும். மருத்துவம், பொறியியல், சட்டம் என்ற மூன்றைத் தாண்டி நம் வீடுகளில் பேச்சு எழுவதே அரிது. எஸ்.பி.எம். முடித்ததும் வேதியியலோ இயற்பியலோ எடுக்க நினைப்பவர்கள் இப்படியும் ஒரு வேலை இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்பதை நீங்கள் வாக்களிக்கும் வயதில் நீங்களே முடிவு செய்யுங்கள். அதற்குள் ஒரு பழக்கத்தை மட்டும் ஏற்படுத்திக்கொள்ளுங்கள். ‘பாதுகாப்பானது’ என்று யார் சொன்னாலும், ‘ஆபத்தானது’ என்று யார் சொன்னாலும், மாதிரியை எங்கிருந்து எடுத்தீர்கள், எத்தனை எடுத்தீர்கள், வேறு யார் அளந்து பார்த்தார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குபவரின் எண்ணை, அவர் எந்தத் தரப்பில் இருந்தாலும், நம்ப அவசரப்பட வேண்டாம்.